கத்தியும் கதையும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் அத்தியாயத்தின் முடிவில், இருட்டுச் சந்து ஒன்றில் கதாநாயகன்மேல் ஒருவன் கத்தியுடன் பாய்கிறான். கதாநாயகன் சட்டென்று ஒதுங்கி, அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குகிறான். கத்தி கீழே விழுகிறது. பாய்ந்தவனுக்கு இரண்டு வார்த்தை புத்தி சொல்லி அனுப்பிவிட்டு, சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போகிறான். எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. படம் போட்ட சித்திரக்காரருக்கு என்னைவிடத் திருப்தி என்பது படத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சரக்குக் கப்பலில் இன்ஜினீயர், நம்மவர்தான். பல வருஷங்கள் பிலிப்பைன்ஸ் மாலுமிகளோடு வேலை பார்த்தவர். அவர்களிடம் கம்பு வீச்சும் கத்தி வீச்சும் பழகியவர். கடிதம் நாலே வரிதான். “உங்கள் கதாநாயகன் அந்த அத்தியாயத்திலேயே இறந்திருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பையன் யாரிடமாவது மை ஊறும் தடித்த பேனா ஒன்றைக் கொடுத்து உங்களைக் குத்தச் சொல்லுங்கள். அதைப் பிடுங்கப் பாருங்கள்” என்று எழுதியிருந்தார்.

விமரிசகர்கள் என் நாவல்களைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இப்படிச் சோதித்துப் பார்க்கக்கூடிய குற்றச்சாட்டு ஒன்றைச் சொன்னதில்லை. ஆகவே சோதித்தேன். என் தமக்கை மகனுக்கு வயது பதினாறு. சண்டை எதுவும் பழகாதவன். மொட்டை மாடியில் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, “நிஜமாகவே குத்தலாமா மாமா?” என்று ஒரு தரம் கேட்டான். குத்தலாம் என்றேன். அவ்வளவுதான். என் கதையில் வருகிறவனைப் போல அவன் கையை நீட்டி, நான் பிடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. குத்தினான், இழுத்தான், மறுபடி குத்தினான்; இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னும் குத்தினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன் என்பது உண்மைதான். பிடித்த பிறகு எண்ணிப் பார்த்தோம். சட்டையிலும் கையிலுமாகப் பதினோரு கோடுகள். ஒன்று முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை நீளமாக ஓடியிருந்தது. இரண்டு கழுத்தில்.

அந்தக் கோடுகளைச் சோப்புப் போட்டுத் தேய்க்கும்போதுதான் அந்த மாலுமிகளின் வித்தை எனக்கு முக்கியமாகப் பட்டது. அது பற்றிய புத்தகங்களைத் தேடிப் படித்தேன்; படங்களைத் தேடிப் பார்த்தேன். நான் சண்டைக்காரனல்ல. கதைக்காரன் என்ற முறையில்தான் அபிப்பிராயம் சொல்கிறேன். ஆனால் உண்மைக்கும் அலங்காரத்துக்கும் நடக்கும் வழக்கு கதையில் எப்படியோ அப்படித்தான் இந்த வித்தையிலும் இருக்கிறது. அதனால் கதைக்காரனுக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

வித்தைக்குப் பெயர்கள் பல. லூஸான் தீவில் ஆர்னிஸ் என்கிறார்கள்; சேபு முதலிய விசாயா தீவுகளில் எஸ்கிரிமா என்கிறார்கள். இரண்டும் ஸ்பானியச் சொற்களிலிருந்து பிறந்தவை. அமெரிக்காவில் காலி என்ற பெயர் பரவியிருக்கிறது. நம் காளிக்கும் அதற்கும் உறவு சொல்ல ஆதாரம் கிடையாது. ஆயுதம் ஒரு பிரம்பு. ஏறக்குறைய இரண்டேகால் அடி நீளம், கட்டைவிரல் பருமன். பிரம்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அது அடிபட்டால் நார்நாராகப் பிரியுமே தவிர, கூராக முறிந்து கண்ணைக் குத்தாது. வன்மம் வைத்த போட்டிகளில் கமகோங் என்ற கறுத்த, கனத்த மரத்தில் செய்த தடியை எடுப்பதுண்டு. அது எலும்பை முறிக்கும்.

மற்ற பல வித்தைகளில் முதலில் வெறுங்கை, பல வருஷங்கள் கழித்து ஆயுதம். இங்கே முதல் நாளே கையில் பிரம்பைக் கொடுத்துவிடுகிறார்கள். அடிகளுக்குப் பெயர் வைக்காமல் எண் வைத்திருக்கிறார்கள். சில பள்ளிகளில் 5, பல பள்ளிகளில் 12. எதிரி கையில் இருப்பது கம்பா, அரிவாளா, சமையலறைக் கத்தியா என்று பார்த்துக்கொண்டிருக்காதே, எந்தக் கோணத்தில் வருகிறது என்று பார் என்பது கணக்கு. தரையில் முக்கோணம் கீறி அதன்மேல் கால் வைக்கப் பழக்குகிறார்கள். ஒரு கையில் வாள், மறு கையில் குத்துவாள் என்பதும் உண்டு. இரட்டைக் கம்புப் பயிற்சிக்குச் சினவாலி என்று பெயர். மூங்கில் பத்தைகளைப் பின்னிச் செய்யும் வீட்டுத் தட்டியின் பெயரிலிருந்து வந்தது. இருவர் எதிரெதிரே நின்று அடிக்கும்போது கம்புகள் பின்னிப் பிரிவது பார்க்க அழகாகவே இருக்கிறது.

ஆனால் வித்தையின் உயிர் இந்த அழகில் இல்லை. பாம்பின் பல்லைப் பிடுங்கு என்று அவர்கள் சொல்லும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. எதிரியின் தலையைத் தேடாதே, மார்பைத் தேடாதே. ஆயுதம் பிடித்த கையை அடி. கைதான் உன் அருகில் முதலில் வருகிறது. அது உடைந்தால் ஆயுதம் விழும். ஆயுதம் விழுந்தால் நீ விலகிப் போகலாம். இதில் வீரம் எதுவும் இல்லை. படம் போட்டால் நன்றாகவும் இராது. ஆனால் சட்டையில் பதினோரு கோடு வாங்கியவனுக்கு, இது நிஜமாகவே சண்டை பார்த்தவர்கள் சொன்ன வார்த்தை என்று உடனே புரிகிறது.

இந்தச் சின்ன உண்மையின்மேல் எத்தனை அலங்காரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் அலங்காரம் சரித்திரம். 1521-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி, சேபுவுக்குப் பக்கத்து மக்டான் தீவில் மகெல்லன் கொல்லப்பட்டார். தீவின் தலைவன் லாபுலாபு இந்த வித்தையைக் கொண்டுதான் அவரைத் தனிச் சண்டையில் வீழ்த்தினான் என்று பல ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்கிறார்கள். அந்தச் சண்டையில் நேரில் இருந்து, தானும் காயம்பட்டு, பிறகு எழுதி வைத்தவர் பிகாஃபெட்டா என்ற இத்தாலியர். அவர் எழுதியதில் அம்பு வருகிறது, ஈட்டி வருகிறது, கல் வருகிறது, காலில் வெட்டிய பெரிய வாள் ஒன்றும் வருகிறது. கூட்டமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள் என்று இருக்கிறது. இரு தலைவர்கள் எதிரெதிரே நின்று பொருதினார்கள் என்று எங்கும் இல்லை. தனிச் சண்டை பின்னால் வந்தவர்களின் சிருஷ்டி.

1957-இல் பிளாசிடோ யம்பாவ் என்பவர் தகலோக் மொழியில் ஆர்னிஸ் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். இக்கலையைப் பற்றி அச்சில் வந்த முதல் புத்தகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அது. கலையின் பழைய பெயர் காலி, ஸ்பானியர் அதைத் தடைசெய்தார்கள், மக்கள் அதை நாடக மேடையில் ஒளித்துக் காப்பாற்றினார்கள் என்ற கதை பரவியதற்கு அந்தப் புத்தகம் பெரிய காரணம். 2007-இல் நெபாங்குவே, மக்காச்சோர் என்ற இரு சேபுக்காரர்கள் பதில் புத்தகம் எழுதினார்கள். அவர்கள் கட்சி வேறு. தெற்கிலிருந்து கடல் வழியாக வந்து ஆள் பிடித்துப் போன கொள்ளைக்காரர்களை எதிர்க்க, ஸ்பானியப் பாதிரிமார்களே கரையோரக் கிராமத்தாருக்கு வாள் பழக்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் எஸ்கிரிமா என்கிறார்கள். எண்ணுவது ஸ்பானிய எண்ணில். தூரத்துக்கும் அடிக்கும் வழங்கும் பெயர்கள் பலவும் ஸ்பானியச் சொற்கள். இதைப் பார்க்கும்போது அவர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. தன் நாட்டுக் கலையில் அந்நியன் பங்கும் இருக்கிறது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அது கம்பு வீசும் தைரியத்துக்குக் குறைந்ததல்ல என்பது என் அபிப்பிராயம்.

கதைக்கும் கம்புக்கும் உள்ள உறவு இன்னும் ஓரிடத்தில் வேடிக்கையாக வெளிப்படுகிறது. 1932-இல் சேபுவில் சாவெத்ரா, கன்யெத்தே குடும்பத்தார் முதலியோர் சேர்ந்து தொடங்கிய புகழ்பெற்ற சங்கத்துக்கு தோசே பாரெஸ் என்று பெயர். சார்லமேன் சக்கரவர்த்தியின் பன்னிரண்டு வீரர்களை அது குறிக்கிறது. அந்தப் பிரெஞ்சுக் கதைகள் ஸ்பானியர் வழியாகப் பிலிப்பைன்ஸ் வந்து, பாட்டாகவும் நாடகமாகவும் கிராமம் கிராமமாகப் பரவியிருந்தன. கொட்டகையில் பார்த்த வீரர்களின் பெயரைத் தங்களுக்கே வைத்துக்கொண்டுதான் அந்த மனிதர்கள் தடியெடுத்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மனிதன் கதையில்லாமல் சண்டைக்குக்கூடப் போவதில்லை.

இரண்டாவது அலங்காரம் பயிற்சிக்கூடத்திலேயே நுழைந்தது. பழைய முறையில் ஆசான் மாணவனின் கையைத்தான் அடிப்பார். தப்பினால் விரல் வீங்கும். விரல் வீங்கினால் மறுநாள் மாணவன் வரமாட்டான். ரெமி பிரேசாஸ் என்ற நீக்ரோஸ் தீவுக்காரர் இதைப் பார்த்து, கையை அடிக்காமல் கம்பைக் கம்பால் அடிக்கும்படி பயிற்சியை மாற்றினார். மாடர்ன் ஆர்னிஸ் என்ற அவர் முறை அதனாலேயே பள்ளிக்கூடங்களிலும் வெளிநாடுகளிலும் பரவியது. அவர் செய்தது பெரிய காரியம். இல்லாவிட்டால் வித்தை பல கிழவர்களோடு புதைந்திருக்கும். ஆனால் விலையும் கொடுத்தாயிற்று. கம்பைக் கம்பால் அடித்துப் பழகியவன் கண் கம்பைத் தேடுகிறது, கையைத் தேடுவதில்லை. பாம்பின் பல்லைப் பிடுங்கப் புறப்பட்டவன் பாம்போடு கோலாட்டம் ஆடத் தொடங்கிவிடுகிறான்.

இதைவிடப் பெரிய பிசகு ஒன்று உண்டு. கம்பும் கத்தியும் வெறுங்கையும் ஒரே அசைவுதான். ஒன்றைக் கற்றால் மூன்றும் வரும் என்று பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கேட்க எவ்வளவு இனிமை! பாதி உண்மையும்கூட. மற்றப் பாதியைக் கவனிக்க வேண்டும். கம்பு வலிக்க வேண்டுமானால் வீச்சு வேண்டும், இடம் வேண்டும். கத்திக்குத் தொட்டால் போதும். கம்பின் நடுவை எட்டிப் பிடித்து முறுக்கிப் பிடுங்கலாம். கத்தியின் நடுவைப் பிடித்தவன் விரல்களை இழப்பான். ஆகவே கம்பைப் பிடுங்கும் பாடத்தை அப்படியே கத்திக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர், என்னைப் போலவே ஒரு தொடர்கதை எழுதுகிறார். என் கதாநாயகன் காகிதத்தில்தான் இருக்கிறான். அவருடைய கதாநாயகன் மாதச் சம்பளம் கட்டிப் படிக்கிற, ராத்திரி தனியாக வீடு திரும்புகிற ஒரு நிஜ மனிதன்.

தாக்குகிறவனாக நிற்கும் கூட்டாளி ஒரே ஒரு குத்துக் குத்தி, கையை அப்படியே நீட்டி நிறுத்துகிறான். அந்த நேரத்தில் மாணவன் நான்கு அழகான காரியங்கள் செய்து முடிக்கிறான். பழகும் முதல் வாரத்துக்கு இது சரி. பல வருஷங்கள் கழித்தும் அதே கூட்டாளி அதே மாதிரி கையை நீட்டிக் காத்திருந்தால் அது நாடக ஒத்திகை.

போட்டி விளையாட்டிலும் இதே கதைதான். தலைக்கவசமும் மெத்தைச் சட்டையும் போட்டுக்கொண்டு, எத்தனை அடி விழுந்தது என்று எண்ணும்போது, இருவரும் ஒருவர் அடியை ஒருவர் பொருட்படுத்தாமல் மழை மாதிரி பொழிந்து தள்ளுகிறார்கள். கம்புக்குப் பதில் வெட்டுக்கத்தி இருந்தால் முதல் விநாடியில் இருவரும் விழுந்திருப்பார்கள். ஆனாலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவன் உண்மையாகவே அடிக்க விரும்புகிறான் என்ற அனுபவம் போட்டியில்தான் கிடைக்கிறது, ஒத்திகையில் கிடைப்பதில்லை. 2009-இல் பிலிப்பைன்ஸ் அரசாங்கம் ஆர்னிஸை நாட்டின் தேசியத் தற்காப்புக் கலை, தேசிய விளையாட்டு என்று சட்டமே செய்தது. கலையையும் விளையாட்டையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தச் சட்டம், நான் சொல்லும் சிக்கலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

அலங்காரமில்லாத இடங்களும் உண்டு. 1952-இல் வெனான்சியோ பேக்கன் என்பவர் தோசே பாரெஸிலிருந்து பிரிந்து, சேபுவில் பாலிந்தவாக் தெருவில் ஒரு கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையின் பின்கட்டில் தம் பள்ளியைத் தொடங்கினார். இடமோ சின்னது. ஒற்றைக் கம்பு, நெருங்கிய தூரம், ஓயாத இடது கை. அவருடைய முறை அவ்வளவுதான். இந்த இரண்டு சங்கங்களுக்கும் நடுவே இருந்த பகைமை சேபுவில் பிரசித்தம். தம்மைத் தாக்கிய ஒருவனைக் கொன்றதற்காகப் பேக்கன் சிறைக்குப் போனார் என்று அவர் வழி வந்தவர்கள் சொல்கிறார்கள். வெற்றிக்குப் பிறகு போலீஸ் வரும், கோர்ட் வரும், சிறை வரும் என்பதை எந்தச் சண்டைக் கதையும் நமக்குச் சொல்வதில்லை.

லியோ ஹிரோன் என்பவர் அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறிய பிலிப்பினோ. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, ஜப்பானியர் வசமிருந்த லூஸானுக்கு ரகசியமாக அனுப்பப்பட்டு, காட்டில் போலோ என்ற வெட்டுக்கத்தியோடு சண்டையிட்டவர். அவர் பின்னாளில் அதிகம் வற்புறுத்தியது எட்ட நின்று அடிக்கும் நீளக்கை முறையை. துப்பாக்கிச் சனியனும் வாளும் எதிரே வரக் கண்டவர் நெருங்காதே என்று சொன்னால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. யுத்தம் முடிந்த பிறகு அவர் பல வருஷங்கள் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. 1966-இல் சிகாகோவில் எட்டு நர்ஸுகளை ஒருவன் ஒரே இரவில் கொன்றான். இறந்தவர்களில் பிலிப்பினோப் பெண்களும் இருந்தார்கள். அந்தச் செய்தி மனத்தை உலுக்கியதால்தான் 1968-இல் பள்ளி தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். நிஜச் சண்டைக்காகக் கற்கிறேன் என்று வருகிறவர்களில் பலர் சூரர்கள் அல்ல, பயந்தவர்கள். பயந்தவனிடம் பொய் சொல்வது எல்லாப் பொய்யிலும் மோசமானது.

கடைசியாகச் சினிமா. 1973-இல் வந்த ‘என்டர் தி டிராகன்’ படத்தில் புரூஸ் லீ இரட்டைக் கம்பு வீசியதைப் பார்த்து உலகமெங்கும் பையன்கள் துடைப்பக் கட்டையை ஒடித்தார்கள். அவருக்குக் கம்பு பழக்கியவர் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்துப் பிலிப்பினோக் குடும்பத்தில் பிறந்த டான் இனோசாந்தோ. அது நாட்டியம், நாட்டியமாக அதில் குறையில்லை. 2002-இல் வந்த ‘தி போர்ன் ஐடென்டிட்டி’ வேறு ஜாதி. பாரிஸ் வீடு ஒன்றில் கத்தியோடு வருகிறவனை, மேஜைமேல் கிடந்த ஒரு பேனாவால் கதாநாயகன் எதிர்க்கிறான். அந்தப் பேனாவை எதிரியின் கையிலேயே குத்துகிறான். பல்லைப் பிடுங்கு என்ற பழைய பாடம், பெயர் சொல்லாமல், அங்கே இருக்கிறது. ஆனால் காமிரா படும் அவசரத்தில் பாதி தெரிவதில்லை. கதாநாயகனுக்கோ சட்டைகூடக் கிழிவதில்லை.

எனக்கு மனத்தில் நிற்பது 2003-இல் வில்லியம் ஃப்ரீட்கின் எடுத்த ‘தி ஹன்டட்’. கதை என்று பார்த்தால் சாதாரணம். பாத்திரங்கள் இரண்டுக்கும் உள்ளே அதிகமாக ஒன்றுமில்லை. ஆனால் கத்திச் சண்டையை அமைத்தவர்கள் சாயோக் காலி என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். முடிவில் அருவிக்கரையில் ஆசிரியனும் மாணவனும் மோதுகிறார்கள். இருவரும் வெட்டுப்படுகிறார்கள், மறுபடி மறுபடி வெட்டுப்படுகிறார்கள். ஜெயித்தவனும் ஜெயித்தவன் மாதிரி இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மொட்டை மாடியும் வெள்ளைச் சட்டையும் ஞாபகம் வந்தன. மற்ற எல்லாவற்றிலும் தோற்ற ஒரு படம் ஒரே ஒரு விஷயத்தில் உண்மையாக இருந்துவிட்டது. விமரிசகன் அதைச் சொல்லாமல் போகக்கூடாது.

அப்படியானால் இந்த வித்தையைக் கற்கலாமா, வேண்டாமா? தாராளமாகக் கற்கலாம் என்றே நினைக்கிறேன். தூரம் என்றால் என்ன, கோணம் என்றால் என்ன, ஒருவன் கை அசைவதற்கு முன் தோள் அசைகிறது என்பதெல்லாம் இதைவிட நன்றாக வேறு எங்கே கற்பிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை இருக்கிறது. மை ஊறும் பேனா ஒன்றை எடுத்துப் போங்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவரிடம் அழகைக் கற்றுக்கொள்ளலாம். உயிரை ஒப்படைக்க வேண்டாம். சிரித்துக்கொண்டே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, கோடுகளை வாங்கிக்கொண்டு, “பார்த்தாயா, இதனால்தான் முதலில் ஓடு என்கிறேன்” என்று சொல்கிறவர்தான் ஆசிரியர்.

தொடர்கதை பின்பு புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். இப்போது கதாநாயகன் கையிலிருந்த குடையால் ஒரே ஓர் அடி, கத்தி பிடித்த கையில் அடித்துவிட்டு ஓடுகிறான். அப்படியும் உள்ளங்கையில் ஒரு வெட்டு விழுந்துவிடுகிறது. நாவல் முடிகிற வரையில் அந்தக் கையை அவனால் முழுதாக மூட முடிவதில்லை. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறான். அவன் வீரம் குறைந்துவிட்டது என்று சில வாசகர்கள் வருத்தப்பட்டார்கள். புத்தகத்தில் ஒரு பிரதியைக் கப்பல்காரருக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பதில் வந்தது.

“இப்போது சரியாக இருக்கிறது. ஆனாலும் அவன் அந்தச் சந்துக்குள் நுழையாமலே இருந்திருக்கலாம்.”